நூலும் கதையும்: ஊத்துக்குளி வட்டாரக் கொங்கு மரபில் இலக்கியக் கலைச்சொற்களும் கதைகூறும் உத்திகளும்

ஆய்வுச் சுருக்கம்

இலக்கியக் கலைச்சொற்கள் இன்று பெரும்பாலும் வரையறைகளாகவே கற்பிக்கப்படுகின்றன. ஒரு சொல் எந்த வகை எழுத்தை விளக்க எழுந்தது, பின்னர் எந்த வகைக்கு இடம்பெயர்ந்தது என்னும் வரலாறு கற்பித்தலில் இடம்பெறுவது அரிது. பெருங்கதை, நன்னூல், அடியார்க்கு நல்லார் உரை ஆகிய மூன்றும் திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளியை அடுத்த கொங்குப் பகுதியோடு மரபுவழியாகத் தொடர்புபடுத்தப்படுபவை. அண்ணன்மார் கதை, நாகம்மாள் புதினம் ஆகிய இரண்டும் அப்பரந்த வட்டாரத்துப் பிற்காலப் படைப்புகள். இவ்வைந்தையும் சான்றாகக் கொண்டு நூல், உத்தி, சந்தி, பின்னல் ஆகிய சொற்களின் பொருள் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நூலுக்குக் குற்றமாகச் சொல்லப்பட்டவை கதைக்கு இன்றியமையாத உத்திகளாக அமைவதையும், கலைச்சொல்லைப் படைப்போடு பொருத்தியே விளங்கிக்கொள்ள இயலும் என்பதையும் நிறுவுவது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: நன்னூல், உத்தி, பெருங்கதை, அடியார்க்கு நல்லார், சந்தி, அண்ணன்மார் கதை, வட்டார நாவல், கதைப்பின்னல்.

முன்னுரை

திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையில் அமைந்த ஊர் ஊத்துக்குளி. வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற இவ்வூர், இன்று பின்னலாடைத் தொழிலின் எல்லைக்குள் வந்துவிட்டது. (பொள்ளாச்சியை அடுத்த, ஜமீன் பெயரால் அறியப்படும் ஊத்துக்குளி இதனின் வேறு.) இங்கிருந்து ஈரோடு நோக்கிச் செல்லும்போது அடுத்த நிலையம் விஜயமங்கலம். பெருங்கதையின் ஆசிரியர் கொங்குவேளிர் அவ்வூரினர் என்பது மரபுச் செய்தி. நன்னூல் இயற்றிய பவணந்தியாரின் ஊரான சனகாபுரம், பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்று கருதுவோர் பலர். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் ஊராகச் சொல்லப்படும் நிரம்பையும் இதே பகுதியில் வைத்து எண்ணப்படுகிறது. கொங்குமண்டல சதக மரபு இம்மூவரையும் கொங்கு நாட்டுப் புலவராகவே போற்றுகிறது.

ஊர் அடையாளங்கள் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். எனினும் ஒரு நீண்ட கதை, எழுத்தின் இலக்கணத்தைச் சொல்லும் ஒரு நூல், கதையையும் கூத்தையும் விளக்கும் ஓர் உரை ஆகிய மூன்றும் ஒரே நிலப்பகுதியின் நினைவில் ஒருங்கே வாழ்வது கருதத்தக்கது. கதை செய்தல், செய்முறைக்குப் பெயரிடல், பெயரைக் கதையோடு பொருத்தி விளக்கல் என்னும் மூன்று பணிகளையும் இவை முறையே காட்டுகின்றன. கலைச்சொற்களின் வரலாற்றை ஆராய இதனினும் பொருத்தமான களம் எளிதிற் கிடைப்பதன்று.

1. நூல்: பஞ்சும் கதிரும்

'நூல்' என்னும் சொல்லுக்கு இழை, ஏடு என இரு பொருள் உண்டு. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டும் விளக்கம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் உள்ளது. சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் அங்கே உருவகம் செய்யப்படுகின்றன. அதனை அடுத்து மற்றோர் உவமை வருகிறது. மரத்தின் கோணலைத் தச்சன் தன் நூலிட்டுத் திருத்துவது போல மனத்தின் கோணலை ஏட்டு நூல் திருத்துகிறது என்பது அதன் கருத்து.

இவ்விரு விளக்கங்களும் ஒரே சொல்லைப் பற்றியன. ஆனால் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருவன. நூல் எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு முதல் விளக்கமும், அதனால் விளையும் பயன் யாது என்பதற்கு இரண்டாம் விளக்கமும் விடையாகின்றன. நூற்கும் பெண்ணின் கை, பஞ்சைப் புதிதாகப் படைப்பதில்லை. சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்தி முறுக்கேற்றுகிறது. எழுத்து என்பது ஏற்கெனவே உள்ள சொற்களைத் தொடர்ச்சியுடையதாக்கும் தொழில் என்னும் கொள்கை இவ்வுருவகத்தில் அடங்கியுள்ளது.

இவ்வுருவகத்தைக் கொண்டு பவணந்தியார் காலத்துக் கொங்கில் பஞ்சுத் தொழில் சிறந்திருந்தது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. நூற்றல் தமிழகம் முழுதும் வழங்கிய தொழில். பருத்திப் பெண்டிர் சங்கப் பாடல்களிலேயே இடம்பெறுகின்றனர். 'பனுவல்' என்னும் சொல்லும் பஞ்சையும் செய்யுளையும் ஒருசேரக் குறித்து வந்துள்ளது. பவணந்தியார் செய்தது, மொழியில் முன்னமே இருந்த உறவை உறுப்புறுப்பாகப் பிரித்துக் காட்டியதே. ஒரு கலைச்சொல்லை அதன் தொழிலடியிலிருந்து விளக்கும் முறை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

2. உத்தி: சொல்லின் இடப்பெயர்ச்சி

இன்றைய இலக்கியத் திறனாய்வில் 'உத்தி' என்றால் பெரும்பாலும் கதைகூறும் உத்தியே நினைவுக்கு வரும். பின்னோக்கு உத்தி, நனவோடை உத்தி, கடித உத்தி என்னும் வழக்குகள் மாணவர் அறிந்தவை. ஆனால் இச்சொல் கதைக்காகப் பிறந்ததன்று. தொல்காப்பிய மரபியல் 32 உத்திகளைக் கூறுகிறது. நன்னூலும் 32 உத்திகளை வகுக்கிறது. இவ்விரண்டிலும் உத்தி என்பது இலக்கண நூல் போன்ற சாத்திரத்தை அமைக்கும் நெறி. வடமொழியில் இதனைத் தந்திரயுக்தி என்பர். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இத்தகைய 32 யுக்திகளைப் பட்டியலிடும் அதிகரணத்தோடு முடிவடைகிறது. மருத்துவ நூலான சுசுருத சங்கிதையும் 32 யுக்திகளைக் கூறுகிறது. அறிவைத் தொகுத்துப் பிழையறச் சொல்லுதலே இம்மரபு முழுவதன் நோக்கம்.

நன்னூலின் உத்திகளுள் சில, கதைகூறலுக்கும் மிக அணுக்கமாகத் தோன்றுவன. பின்னர்ச் சொல்வோம் என அறிவிப்பது 'உரைத்தும் என்றல்'; முன்னர்ச் சொன்னோம் என நினைவூட்டுவது 'உரைத்தாம் என்றல்'; வெளிப்படச் சொல்லாது கற்பார் ஊகித்தறிய விடுவது 'உய்த்துணர வைப்பு'. முன்னறிவிப்பு, பின்னோக்கு, குறிப்பால் உணர்த்தல் என இன்று வழங்கும் கதையுத்திகளோடு இவற்றை ஒப்பிடும் விருப்பம் இயல்பாகவே எழும்.

அவ்வொப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நன்னூல் கூறும் 10 குற்றங்களுள் 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்' ஆகியவையும் அடங்கும். ஒரு கருத்தை இருமுறை சொல்வதும், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பதும் சாத்திரத்தைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. கதையோ இவ்விரண்டாலும் வளர்வது. கிளைக்கதை என்பது மற்றொன்று விரித்தலே. வாய்மொழிக் காப்பியத்தின் அடித்தளம் கூறியது கூறலே. ஆகவே நூலின் உத்திகளை அப்படியே கதையின் உத்திகளாகக் கொள்ளின், நூலின் குற்றங்களையும் கதையின் குற்றங்களாகக் கொள்ள நேரும். சொல் நூலிலிருந்து கதைக்குப் பெயர்ந்தபோது அதனோடு அளவுகோலும் மாறியது என்பதை உணர்ந்தாலன்றி இச்சிக்கல் தீராது.

3. பெருங்கதை: அறிந்த முடிவும் அறியாத வழியும்

குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியதாகச் சொல்லப்படும் பிருகத்கதையின் மரபில் வந்தது கொங்குவேளிரின் பெருங்கதை. உ.வே. சாமிநாதையர் இதனை 1924இல் பதிப்பித்தார். தொடக்கமும் முடிவும் சிதைந்த நிலையிலேயே இக்காப்பியம் கிடைத்துள்ளது. உஞ்சைக் காண்டத்தின் முதல் 31 காதைகள் இன்று இல்லை. கிடைப்பது 32ஆம் காதையாகிய 'கரடு பெயர்த்தது' முதலாகவே. எனவே இன்றைய வாசகர் கதையின் நடுவிலேயே நுழைகின்றனர். கதையை நடுவிலிருந்து தொடங்குதல் உலகக் காப்பியங்கள் பலவற்றில் காணப்படும் உத்திதான். இங்கு அவ்வாறு தோன்றுவதற்குக் காரணம் புலவரின் திட்டமன்று, ஏட்டின் சிதைவு. உத்தியையும் பாட வரலாற்றையும் வேறுபடுத்திக் காண வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.

காதைப் பெயர்கள் தனியே ஆராயத்தக்கவை. 'யாழ் கைவைத்தது', 'பிடியேற்றியது', 'பிடி வீழ்ந்தது' என, நிகழப்போவதை இறந்தகால வினையால் முன்கூட்டியே அறிவிக்கும் பெயர்கள் பல உள்ளன. வாசவதத்தையோடு உதயணன் தப்பிச் செல்லும் பெண்யானை பத்திராபதி வழியில் வீழும் என்பதைக் காதையின் தலைப்பே சொல்லிவிடுகிறது. என்ன நிகழும் என்னும் ஆவல் இவ்வாறு முன்னமே தணிக்கப்பட, எவ்வாறு நிகழும் என்னும் ஆவலே எஞ்சுகிறது. திடீர்த் திருப்பத்தை மட்டுமே கதையின் சுவையாகக் கருதும் இன்றைய பழக்கத்துக்கு இம்முறை மாறானது.

வாசகரின் அறிவுக்கும் பாத்திரத்தின் அறிவுக்கும் இடையே வேண்டுமென்றே இடைவெளி அமைக்கும் உத்தியும் இக்காப்பியத்தில் உண்டு. இன்ப நுகர்ச்சியில் அரசை மறந்த உதயணனைக் கடமைக்கு மீட்க, அமைச்சன் யூகி அரண்மனையில் தீயிடச் செய்து, வாசவதத்தை இறந்தாள் என நம்பவைக்கிறான். அவள் மறைந்து வாழ்வது வாசகருக்குத் தெரியும், உதயணனுக்குத் தெரியாது. அவன் புலம்பல் ஒவ்வொன்றும் வாசகரிடம் இரக்கத்தையும் எதிர்பார்ப்பையும் ஒருங்கே எழுப்புகிறது. இதே நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்ட பாசரின் வடமொழி நாடகம் சுவப்னவாசவதத்தம். கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் அதனை 1912இல் வெளியிட்டார். நாடகத்தில் அவ்விடைவெளி மேடையில் கண்முன் நிகழும் காட்சியாகிறது. காப்பியத்தில் அது காதை காதையாக நீளும் காலமாகிறது. உத்தி ஒன்றே, வடிவம் மாறும்போது அதன் பயன் மாறுகிறது.

பெருங்கதையின் காதைகள் 'என்' என்னும் னகர ஒற்றில் முடிவதும் நோக்கத்தக்கது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றான 'இயைபு' என்பதற்கு மணிமேகலையையும் கொங்குவேளிரின் தொடர்நிலைச் செய்யுளையும் பேராசிரியர் எடுத்துக்காட்டாக்குகிறார். இலக்கணச் சொல் ஒன்றின் பொருள் வரையறையால் மட்டுமன்றி, இன்ன படைப்புப் போல என்னும் சுட்டாலும் உரையாசிரியர் மரபில் நிலைபெற்றது என்பதை இது காட்டுகிறது.

4. அடியார்க்கு நல்லார்: விதை முதல் உணவு வரை

கதையமைப்பைக் குறிக்கும் கலைச்சொற்களுக்குத் தமிழில் கிடைக்கும் மிகத் தெளிவான விளக்கங்களுள் ஒன்று அடியார்க்கு நல்லாரின் சிலப்பதிகார உரையில் உள்ளது. 1892இல் சாமிநாதையர் பதிப்பின் வழியே அச்சேறிய இவ்வுரை முழுமையாகக் கிடைக்கவில்லை. எனினும் அரங்கேற்று காதைக்குரிய பகுதி நாடகத் தமிழ் பற்றிய செய்திகளின் களஞ்சியமாக விளங்குகிறது. அங்கு நாடகக் கதையின் ஐந்து சந்திகள் கூறப்படுகின்றன: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல்.

இவற்றை உரையாசிரியர் வேளாண்மையால் விளக்குகிறார். உழுது பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருக்கொள்வது கருப்பம். கதிர் திரண்டு முற்றி வளைவது விளைவு. விளைந்ததை அறுத்துப் போரிட்டுப் பொலி செய்து, கொண்டுசென்று உண்டு மகிழ்வது துய்த்தல்.

பரதரின் நாட்டிய சாத்திரம் கூறும் சந்திகளும் ஐந்தே. முகம், பிரதிமுகம், கருப்பம் என்னும் முதல் மூன்றும் பெயரளவில் ஒத்திருக்கின்றன. நான்காவதும் ஐந்தாவதும் அங்கே விமர்சம், நிர்வகணம் எனப்படும். இடையூற்றால் செயல் தடைப்பட்டு ஆராய்வுக்குள்ளாவது விமர்சம். எல்லாவற்றையும் ஒருங்கு சேர்த்து முடிப்பது நிர்வகணம். தமிழ் உரை இவ்விடங்களில் விளைவு, துய்த்தல் என்னும் சொற்களை ஆளும்போது கருத்தும் சற்றே திரும்புகிறது. தடையைக் காட்டிலும் முதிர்ச்சியும், முடித்தலைக் காட்டிலும் நுகர்தலும் முதன்மை பெறுகின்றன. கதிர் முற்றியதோடு வேளாண்மை நிறைவடைவதில்லை. அது உணவாக வேண்டும். அதுபோலவே நிகழ்ச்சிகள் முடிவுற்றதோடு கதை நிறைவடைவதில்லை. அதன் பயன் துய்க்கப்பட வேண்டும். ஐந்தாம் சந்தியின் பெயரை இவ்வாறு நோக்கின், காண்போரும் கதையமைப்பின் ஓர் உறுப்பாகின்றனர்.

தொடக்கம், சிக்கல், உச்சம், தீர்வு எனக் கதையமைப்பைப் பகுக்கும் முறையே இன்றைய வகுப்பறையில் மிகுதியாக வழங்குகிறது. அது பிழையன்று, ஆனால் சிக்கலை மையமாகக் கொண்ட கதைகளுக்கே முழுதும் பொருந்துவது. முதிர்ச்சியை மையமாகக் கொண்ட கதைகளை ஆராய அடியார்க்கு நல்லாரின் சொற்கள் இன்றும் பயன்படத்தக்கன.

5. உடுக்கடிப் பாட்டு: கூறியது கூறலின் பயன்

ஏட்டு மரபோடு வாய்மொழி மரபையும் வைத்துக் காணும்போது இக்கருத்து மேலும் தெளிவாகும். கொங்கு நாட்டின் பெரும் வாய்மொழிக் காப்பியம் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் ஆகிய உடன்பிறந்தார் இருவரின் பிறப்பு முதல் படுகளத்தில் வீழ்வது வரை செல்லும் இக்கதையைச் சக்திக்கனல் 1971இல் நூலாகப் பதிப்பித்தார். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பகுதியில் தங்கிக் களஆய்வு செய்து, இக்கதை நிகழ்த்தப்பட்டதை ஒலிப்பதிவு செய்தார். அதன் கதைகூறும் முறையைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1982இல் வெளிவந்தது.

இக்கதை பல இரவுகள் உடுக்கடித்துப் பாடப்படுவது. முதன்மைப் பாடகர் பாட்டாகச் சொன்னதை வசனமாகவும் சொல்வார். உடனிருப்பவர் கேட்டும் வழிமொழிந்தும் கதையை நகர்த்துவார். நன்னூல் அளவுகோலில் இது கூறியது கூறல். நிகழ்த்துகையிலோ அதற்குப் பல பயன்கள் உண்டு. நடுவில் வந்து அமர்ந்தோர் கதையைப் பற்றிக்கொள்கின்றனர். பாடகர் அடுத்த பகுதியை நினைவுகூர அவகாசம் பெறுகிறார். பாட்டு உணர்ச்சியைத் தர, வசனம் செய்தியை உறுதிப்படுத்துகிறது. பழங்கதையை உரையோடு கலந்து சொல்லும் 'தொன்மை' என்னும் வனப்பைத் தொல்காப்பியம் குறிப்பதும், அதற்குப் பேராசிரியர் பெருந்தேவனார் பாரதத்தையும் தகடூர் யாத்திரையையும் காட்டுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. பாட்டும் உரையும் மாறிமாறி வரும் கதைவடிவம் தமிழில் பழைமையானது.

தங்கை தங்காள் தீய கனாக்களால் அண்ணன்மாரின் இறப்பை முன்னுணர்கிறாள். கேட்போருக்கோ அது முன்னமே தெரிந்த முடிவு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கனாவும் இத்தகையதே. இரண்டிலும் கனா, மறைபொருளை வெளியிடும் கருவியாக அன்றி, தவிர்க்க இயலாததை எதிர்கொள்ள மனத்தை ஆயத்தம் செய்யும் கருவியாகப் பயன்படுகிறது. வீழ்ந்தோரைத் தங்காள் எழுப்பும் பகுதி கோயில் விழாக்களில் படுகளச் சடங்காகவும் நிகழ்த்தப்படுகிறது. அங்கே ஊராரே வீழ்ந்து கிடந்து எழுப்பப்படுகின்றனர். துய்த்தல் என்னும் சந்திக்கு இதனினும் நேரான விளக்கம் தேவையில்லை.

6. நாகம்மாள்: விளைவோடு நின்ற கதை

இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் கீரனூரில் 1917இல் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் எழுதிய 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் எனப் பரவலாகக் குறிக்கப்படுவது இது. 'வட்டார நாவல்' என்னும் கலைச்சொல்லைப் பேச்சுவழக்கு கலந்த நாவல் என்று மட்டும் வரையறுப்பது வழக்கமாகிவிட்டது. இப்புதினத்தை நோக்கின் அவ்வரையறை குறைபாடுடையது என்பது விளங்கும். கைம்பெண்ணான நாகம்மாள் நிலத்தில் தன் பங்கைக் கேட்பதும், கொழுந்தன் சின்னப்பன் அதற்கு இணங்காததும், கெட்டியப்பனோடு அவளுக்குள்ள உறவும் கதையை இயக்குகின்றன. நிலத்தைச் சார்ந்த உழவர் குடும்பத்தின் உரிமை முறையும் ஊர்க்கட்டும் இல்லையேல் இக்கதை நிகழ இயலாது. இங்கு வட்டாரம் பின்னணியாக நில்லாமல் நிகழ்ச்சிகளின் காரணமாகவே அமைகிறது.

புதினம் சின்னப்பனின் கொலையோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் நாகம்மாளுக்கு நேர்ந்தது யாது, நிலம் யாருக்குச் சென்றது என்பன சொல்லப்படுவதில்லை. ஐந்து சந்திகளின் சொற்களில் கூறின், பூசல் முற்றி விளைகிறது, துய்ப்பார் இல்லை. நிலத்தைப் பற்றிய கதை அறுவடையின்றி முடிவது பொருள்பொதிந்தது. இதனை முடிவு குன்றிய கதை எனக் குறை கூறுவதற்கும், உய்த்துணர வைத்த கதை எனப் போற்றுவதற்கும் உள்ள வேறுபாடு, கையாளும் கலைச்சொல்லைப் பொறுத்ததாகவே அமைகிறது. கலைச்சொல் தீர்ப்பையும் உடன்கொண்டு வருவதால் அதனை ஆராயாமல் கையாள்வது தீங்கு பயக்கும்.

7. பின்னல்

நாவல் திறனாய்வில் மிகுதியாக வழங்கும் 'கதைப்பின்னல்' என்னும் சொல்லும் தொழிலடியைக் கொண்டது. கூந்தல், கயிறு, கூடை ஆகியவற்றின் பின்னலிலிருந்து எழுந்த இச்சொல்லுக்குப் பின்னலாடை வட்டாரத்து மாணவர் கண்முன் வேறொரு விளக்கமும் உண்டு. நெய்த துணியில் பாவும் ஊடையும் என இருவகை இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும். பின்னலாடையில் ஓரிழையே தன்னை வளைத்துக் கண்ணிகளாகக் கோத்துக்கொள்ளும். ஒரு கண்ணி அறுந்தால் அவ்வரிசையே அவிழத் தொடங்கும். ஓர் உறுப்பை இடம் மாற்றினும் நீக்கினும் முழுமை குலையுமாறு கதையமைப்பு இருத்தல் வேண்டும் என அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் கூறும் கருத்துக்கு இது பொருத்தமான உவமை. நாகம்மாள் இத்தகைய கண்ணிப் பின்னலுக்குச் சான்று. பெருங்கதையும் அண்ணன்மார் கதையும் பல இழைகளாலான நெசவை ஒத்தவை. அவற்றில் ஒரு கிளைக்கதை நீங்கினும் துணி அவிழ்வதில்லை. ஓரளவுகோலால் இருவகையையும் அளத்தல் முறையன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழ்க் கலைச்சொற்கள் பல, நூற்றல், உழவு, பின்னுதல் ஆகிய தொழில்களில் வேர்கொண்டவை. அவ்வேரை அறியும்போது சொல்லின் கொள்கையும் புலப்படும். இரண்டாவது, உத்தி போன்ற சொற்கள் சாத்திரத்திலிருந்து கதைக்கு இடம்பெயர்ந்தவை. அவ்விடப்பெயர்ச்சியை மறந்தால் கதையின் சிறப்புகள் குற்றங்களாகத் தோன்றும். மூன்றாவது, மேலைத் திறனாய்வின் மொழிபெயர்ப்புச் சொற்களும் பழந்தமிழ்ச் சொற்களும் ஒன்றற்கொன்று மாற்று அல்ல. அவை வெவ்வேறு வினாக்களை எழுப்பும் கருவிகள்.

பேராசிரியர் 'இயைபு' என்றவுடன் கொங்குவேளிரின் செய்யுளைச் சுட்டினார். அடியார்க்கு நல்லார் 'சந்தி' என்றவுடன் விதையையும் கதிரையும் காட்டினார். வரையறையைத் தந்தபின் கண்ணறிந்த பொருளொன்றைக் காட்டி நிறுவுதலே அவர்தம் கற்பித்தல் முறை. ஊத்துக்குளி வட்டாரத்து வகுப்பறையில் நன்னூலின் உருவகத்தை விளக்கும் ஆசிரியருக்குப் பஞ்சும் இழையும் கண்ணியும் எட்டும் தொலைவில் உள்ளன. அவற்றைக் கொண்டு பெருங்கதையையும் நாகம்மாளையும் அருகருகே வைத்துப் பயிற்றுவித்தால், கலைச்சொற்கள் தேர்வுக்குரிய பட்டியல் என்னும் நிலையிலிருந்து வாசிப்புக்குரிய கருவி என்னும் நிலையை மீண்டும் எய்தும்.